அவுக வந்தாக

வேலூரிலிருந்து லாரி சர்வீஸில் முப்பத்தேழு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. அவற்றை மாடிக்கு ஏற்றி முடிப்பதற்குள் தேவிப்ரியாவுக்கு முட்டி கழன்றுவிட்டது. எல்லாம் பேராசிரியர் எழிலரசன் சேர்த்து வைத்த தாள்கள். சோசலிஸ்ட் உடையப்பனின் வாழ்க்கையை எழுதப் போகிறேன் என்று கிளம்பி, இருபத்திரண்டு வருஷம் ஊர் ஊராக அலைந்து, கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு, புத்தகத்தை முடிக்காமலே கண்ணை மூடியவர் அந்த மனிதர். அப்பாவின் பெட்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத மகள், புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த உடையப்பன் நினைவு ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டாள். ஆய்வகம் என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, சம்பளத்துக்கு ஒரே ஆள். அந்த ஆள்தான் தேவிப்ரியா.

உடையப்பனை இன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தடவை எம்.எல்.ஏ.வாக இருந்தவர். உழுகிறவனுக்கு நிலம் வேண்டும், அதுவும் ஓட்டுப்பெட்டி வழியாகத்தான் வேண்டும் என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்தவர். பதவியில் இருந்தபோதும் டவுன் பஸ்ஸில்தான் போனார். குன்றாண்டார்கோவில் பக்கம் மேலக்குறிச்சி மலையைக் குவாரிக்குக் கொடுக்கக் கூடாது என்று மனு மேல் மனுவாக எழுதிக்கொண்டிருந்தவர், 1979 ஐப்பசியில் ஒரு நாள் காலையில் அந்த ஊர்க் கண்மாயில் பிணமாக மிதந்தார். பின்மண்டையில் காயம். குவாரி முதலாளியின் ஆட்கள்தான் என்று ஊரே பேசிக்கொண்டது. சாட்சி சொல்ல ஆள் இல்லை. வழக்கு படுத்துவிட்டது.

ஆய்வகத்தை நடத்தும் அறக்கட்டளைக்குத் தலைவர் ரெங்கசாமி. எழுபத்தைந்து வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, உடையப்பனின் வலதுகையாக இருந்தவர். வருஷா வருஷம் நினைவு நாள் கூட்டத்தில் அவர் ஒரே விஷயத்தைச் சொல்லி அழுவார். தலைவர் செத்த அன்று நான் ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் இருந்தேன், முந்தின நாளே போய்விட்டேன், ஊரில் இருந்திருந்தால் என் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்றியிருப்பேன் என்பார். கூட்டமும் சேர்ந்து அழும். போன வருஷம் தேவிப்ரியாவும் அழுதாள்.

தினமும் பதினொரு மணிக்கு மாடியேறி வந்துவிடுவார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து டீ குடிப்பார். போகும்போது மேசையில் கிடக்கும் தாள்களையெல்லாம் உள்ளங்கையால் தட்டித் தட்டி விளிம்பு ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போவார். அவள் பாதியில் விட்ட அடையாளமெல்லாம் அதில் போய்விடும். பெரியவராச்சே என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

வாரா வாரம் பார்த்து முடித்த பெட்டிகளின் பட்டியலை அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவளுக்கு இட்ட வேலை. பன்னிரண்டாவது பெட்டியில் ஒலிநாடாக்கள் இருந்தன. எழிலரசன் ஒட்டியிருந்த சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். 'நாடா 14. செவந்தி, வயது 46, ஊர் தெரியவில்லை. 2003இல் திருமயம் லாட்ஜுக்குத் தானாகவே வந்து பேசியவர். உடையப்பன் இறந்த நாள் காலை பற்றி.' நூலகப் படிப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான், ஒன்றையும் விடாமல் பதிவு செய்ய வேண்டும். அவளும் விடவில்லை. விட்டிருக்கலாம்.

மறுநாள் ரெங்கசாமி பத்து மணிக்கே வந்துவிட்டார்.

"என்ன பாப்பா, பதினாலாம் நம்பருல ஒரு பொம்பளையாளு பேரு போட்டிருக்கியே, அது யாரு?"

"தெரியலைங்கய்யா. சாருக்கே தெரியல போலிருக்கு. ஊர் தெரியவில்லைன்னுதான் எழுதியிருக்காரு."

"நாடாவ நீ ஓட்டிக் கேட்டியா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"இந்த மனுசன ஊரு ஊரா கூட்டிக்கிட்டுப் போனது பூராம் நாந்தான். யாரப் பாக்கணும், யாருகிட்ட என்ன கேக்கணும்னு எல்லாம் எங்கிட்டக் கேட்டுத்தான் செய்வாரு. இது ஒண்ணு எனக்குத் தெரியாம நடந்திருக்கு பாரேன்." சிரித்தார். "நீ கேக்குறதுக்கு முந்தி எங்கிட்டச் சொல்லு. சேந்தே கேப்போம்."

டீ வந்தது. அவர் அதைத் தொடவில்லை. தாள்களை மட்டும் அடுக்கி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு வேலையைச் செய்யாதே என்று சுற்றி வளைத்துச் சொன்னால் செய்துதான் பார்க்கத் தோன்றும். தேவிப்ரியா அந்த ரகம். அன்று மத்தியானமே பழைய டேப்ரிகார்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்து, காதில் மாட்டிக்கொண்டு ஓட விட்டாள். பஸ் ஹாரன் சத்தம், லாட்ஜ் மின்விசிறியின் கிறீச், அதற்கு நடுவே ஒரு பெண் குரல்.

"ஊரு எதுக்குங்க? சொல்ல வந்ததச் சொல்லிட்டுப் போயிர்றேன். அன்னிக்கு விடியக்காலம் அவுக வந்தாக. வேட்டி பூராம் தண்ணி, சேறு. சட்டையில ரத்தம் இருந்துச்சு. தொவைச்சுப் போடுன்னாக. நான் ஒண்ணும் கேக்கல. கேட்டு எனக்குப் பழக்கமில்ல. வேற வேட்டி கட்டிக்கிட்டாக. யாரும் கேட்டா, நேத்தே அந்தப் பெருமாள் ஊருக்குப் போயாச்சுன்னு சொல்லுன்னாக. மொத பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டாக."

எழிலரசன் பதறிப்போய்க் கேட்கிறார். "யாரும்மா வந்தாங்க?"

"அவுகதாங்க."

"குவாரி ஆளுங்களா? எத்தனை பேரு வந்தாங்க?"

பிறகு அந்தப் பெண், குழந்தைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொன்னாள். "அவுகன்னு சொல்றேன்ல."

நாடா அத்துடன் முடிந்துவிட்டது.

நாடாவோடு கட்டியிருந்த தாள்களை எடுத்துப் பார்த்தாள். பேராசிரியர் பச்சை மையில் அத்தியாயமே எழுதி வைத்திருந்தார். 'அன்று அதிகாலை, கொலையாளிகள் பலர் செவந்தி என்னும் ஏழைப் பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து, அவரை மிரட்டி, ரத்தக்கறை படிந்த ஆடைகளைத் துவைக்க வைத்தனர்.' ஓரத்தில், 'பெருமாள் ஊர் என்றால் திருப்பதி! சரிபார்க்க.' சரிபார்க்கவும் செய்திருந்தார் பாவி மனிதர். திருப்பதிக்கே போய், விடுதி விடுதியாக ஏறி, அந்த வருஷத்துப் பதிவேடுகளை நகலெடுத்து ஒரு பெட்டி முழுக்க அடைத்து வைத்திருந்தார்.

தேவிப்ரியாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் வேலூர்க்காரர், அவர் காதுக்கு 'அவுக' என்றால் அவர்கள். குவாரி ஆட்கள் என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்ட மனிதருக்கு வேறு எப்படிக் கேட்கும்? திருமயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அப்படிக் கேட்கவில்லை. யார் என்று கேட்டால் பெயர் சொல்லாமல் 'அவுகதான்' என்று ஒரு பெண் சொன்னால், அதற்கு இந்தப் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அவள் புருஷன்.

அதோடு நின்றதா? அந்தப் பெருமாள் ஊர் என்கிறாளே, ஏன் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை? தேவிப்ரியாவின் பெரியம்மாவுக்கு வாய்த்தவர் பெயர் வெள்ளைச்சாமி. அந்தப் பெரியம்மா சாகும்வரை வெள்ளை என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. கடையில் போய் நின்றுகொண்டு, சுண்ணாம்புக் கலர் நூல்கண்டு கொடுங்கள் என்பாள். புருஷன் பெயர் வாயில் வரக் கூடாது, அந்தப் பெயர் ஒட்டிய எதுவும் வரக் கூடாது. அப்படியானால் பெருமாள் ஊர்களிலேயே இந்தச் செவந்தியின் வாயில் வரக் கூடாத ஊர் எது?

ஸ்ரீரங்கம்.

சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாக மூன்றாவது பெட்டிக்குப் போனது. அதில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருப்பது அவளுக்குத் தெரியும். உடையப்பன் தலைமையில் 1976இல் நடந்த, ஐயர் இல்லாத, தாலி மட்டும் கட்டிய கல்யாணம். அவளே எழுதிய பட்டியலில் அது 'மூன்று, இருபத்தொன்று.' எடுத்துப் பிரித்தாள். மணமகன் மேலக்குறிச்சி ரெங்கசாமி. மணமகள் செவந்தி.

இன்னொன்றையும் தேடினாள். உடையப்பனின் கடைசிச் சட்டைப்பை டைரி. சாவுக்கு முந்தின நாள் பக்கத்தில் இரண்டு வரி இருந்தது. 'மலை ஒப்பந்தத்தில் ரெங்கன் கையெழுத்து. நாளை விடியற்காலை கண்மாய்க்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன், பேசித் திருத்த வேண்டும்.' அதற்குக் கீழே எழிலரசன் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி வைத்திருந்தார். 'எந்த ரெங்கன்? ரெங்கசாமி அய்யாவிடம் கேட்டேன். குவாரி மேஸ்திரி ஒருவனுக்கு அந்தப் பெயராம்.' கொன்றவனிடமே போய்க் கேட்டு, அவன் சொன்னதைப் பத்திரமாக எழுதியும் வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம்!

பேராசிரியர் மேல் வந்த எரிச்சல் அரை நிமிஷம் தாங்கவில்லை. இத்தனை காலம் அந்தப் பெண் லாட்ஜுக்குப் போனது புருஷனுக்குத் தெரியாமல் இருந்தது. நேற்று தெரிந்துவிட்டது. தெரிவித்தது யார்? பெயர், வயது, என்ன பேசினாள் என்பதுவரை ஒன்றுவிடாமல் எழுதி அவர் கையிலேயே கொடுத்தது யார்? அவள் குழுவைத் திறந்து அந்தப் பட்டியலை அழித்தாள். எழுபது பேர் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

மறுநாள் ரெங்கசாமி வந்து, நாடாவை எடு, போட்டுக் கேட்போம் என்றார்.

"பூஞ்சை புடிச்சிருக்குங்கய்யா. ஓடல."

ரெங்கசாமி நாடாவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூஞ்சை இருந்தா வெள்ளை வெள்ளையாத் தெரியுமே பாப்பா."

அவள் பெட்டியின் மூடியை எடுத்து மூடினாள்.

"சரி விடு. நாடா போனாப் போகுது." நாடாவை மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார். "ஆளு இருக்குல்ல."

இரண்டு நாள் அவர் வரவில்லை. அந்த இரண்டு நாளும் தேவிப்ரியா ஒரு பெட்டியும் திறக்கவில்லை. அவர் வீட்டு நம்பருக்குப் போன் செய்யலாமா என்று எடுப்பாள், எடுப்பது அவராக இருந்தால் என்ன சொல்வது என்று வைத்துவிடுவாள். போலீஸுக்குப் போய் என்ன சொல்வது? ஒரு பெண் ஸ்ரீரங்கம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள், அதனால் அவள் புருஷன் கொலைகாரன் என்றா?

மூன்றாம் நாள் படியில் இரண்டு செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் ரெங்கசாமி. நாலு படி பின்னால், ஒல்லியாக, தடித்த கண்ணாடி போட்டு, மஞ்சப்பையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு பெண். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு.

"இவதான் எங்க வீட்டுல. இவ பேரும் செவந்திதான். கேட்டேன், ஆமா நாந்தான் போய்ப் பேசுனேன்னு ஒத்துக்கிட்டா. நல்ல காரியந்தான பண்ணியிருக்கா, இத மறைக்க என்ன இருக்கு?"

"கையில என்னம்மா?" என்றாள் தேவிப்ரியா.

"வழுக்கி விழுந்துட்டா," என்றார் ரெங்கசாமி.

செவந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தேவிப்ரியா அந்தத் துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் எழுதிய மூன்று வரி என்று மனசு அடித்துக்கொண்டது. இந்தப் பெண் இன்று நல்லபடியாக வீடு போய்ச் சேர வேண்டும், நாளைக்கும் இருக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

"ரெக்காடரப் போடு பாப்பா. கடைசி அத்தியாயம் நிக்கிதுன்னு சொன்னியே, முடிச்சுருவோம்." ரெங்கசாமி வேட்டியை மடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "சொல்லு செவந்தி. குவாரிக்காரன் ஆளுக வந்தத சொல்லு. சேறும் சகதியுமா வந்து ஒன்னைய மெரட்டுனதச் சொல்லு."

தேவிப்ரியா பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவளுக்கு அந்தப் பொய் எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. பேராசிரியர் எழுதி வைத்த பொய்தான். செவந்தி ஆமாம் என்று தலையாட்டினால் போதும், தட்டச்சு செய்து, அட்டை போட்டு, கூட்டம் கூட்டி வெளியிட்டுவிடலாம். கிழவருக்கும் நிம்மதி. அவள் முன்னால் குனிந்து, கெஞ்சுகிற குரலில் கேட்டாள்.

"அன்னிக்கு வந்தது குவாரி ஆளுங்கதானம்மா? நாலஞ்சு பேரு வந்தாங்க, இல்லையா?"

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் தேவிப்ரியாவுக்கு ஒன்று விளங்கியது. தனக்கு எல்லாம் தெரியும் என்று செவந்தி தெரிந்துகொண்டுவிட்டாள். தெரிந்தும் தான் பொய்யை எடுத்து நீட்டுவதையும் தெரிந்துகொண்டுவிட்டாள்.

"அந்த வேலூர் சாரு நல்ல மனுசன்," என்றாள் செவந்தி. "அன்னிக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. நான் சொன்னது அவருக்கு வெளங்கல. அவரக் குத்தம் சொல்ல முடியாது, தாயி. நாந்தான் சரியாச் சொல்லல. சொல்லணும்னு அம்புட்டுத் தூரம் போயிட்டு, வாயி வரல."

"செவந்தி," என்றார் ரெங்கசாமி மெல்ல.

"ஆளுக வரல. நாலஞ்சு பேரும் வரல. வந்தது ஒத்த ஆளு." துணி கட்டிய கையை எடுத்து ரெக்கார்டரின் பக்கத்தில் வைத்தாள். மனு எழுதச் சொல்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "வந்தது ரெங்கசாமி. மேலக்குறிச்சி சின்னையா மகன் ரெங்கசாமி. எம் புருசன்."

தேவிப்ரியா கொலைச் செய்திகளை எத்தனையோ படித்திருக்கிறாள். அந்த ஒரு பெயரைக் கேட்டபோது வந்த நடுக்கம் எதிலும் வந்ததில்லை. நாற்பத்தொன்பது வருஷம் ஒரு வீட்டில் குடித்தனம் பண்ணிய வாயிலிருந்து அந்தப் பெயர் முதல் தடவையாக வெளியே வந்திருக்கிறது.

ரெங்கசாமி கத்தவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. முகத்தை ஒரு மாதிரி சுருக்கி, தேவிப்ரியாவின் பக்கம் திரும்பி, நியாயம் கேட்கிறவர்போலச் சிரித்தார்.

"பேரச் சொல்றா பாரு பாப்பா. எம் பேரச் சொல்றா!"

கொலைகாரன் என்று சொன்னதல்ல, பெயரைச் சொன்னதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நிப்பாட்டாத, ஓடட்டும்," என்றாள் செவந்தி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். துவைத்த வேட்டி, கறை போகாத சட்டையை அடுப்பில் வைத்து எரித்தது, மூன்று நாள் கழித்து ஸ்ரீரங்கத்துப் பிரசாதத்தோடு அவர் வந்து இறங்கியது, அந்தப் பிரசாதத்தைத் தான் தின்றது. ஸ்ரீரங்கம் என்று முழுசாகச் சொன்னாள். ஏன் செய்தார் என்று தனக்கு இன்றுவரை தெரியாது, கேட்டதில்லை என்றும் சொன்னாள். சொல்லி முடித்ததும் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

ரெங்கசாமி எழுந்தார். "வயசாயிருச்சு, புத்தி பெரண்டு போச்சு. அத அழிச்சுரு பாப்பா."

"அழிக்க எனக்கு அதிகாரம் இல்லைங்கய்யா," என்றாள் தேவிப்ரியா. தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று மறுபடியும் சொன்னாள்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேசைமேல் தாள்கள் கலைந்து கிடந்தன. அவர் அவற்றைத் தொடவில்லை. "சரி," என்றார். "வா செவந்தி, பஸ்ஸுக்கு நேரமாச்சு." முன்னால் இறங்கினார்.

செவந்தி மஞ்சப்பையை எடுத்துக்கொண்டாள். தேவிப்ரியா அவள் தோளைப் பிடித்தாள். "போகாதீங்கம்மா. இங்கிட்டே இருங்க. போலீஸுக்குப் போவோம், நான் கூட வாரேன்."

"போயி? நாப்பத்தாறு வருசத்துக்கு முந்தி ஒரு வேட்டி ஈரமா இருந்துச்சுன்னு சொல்லவா? போலீஸ்காரவுக என்ன ஏதுன்னு எழுதி வாங்கிட்டு, ராவைக்கு வீட்டுக்குத்தான அனுப்புவாக. எனக்கு வேற வீடு ஏது தாயி?" தோளில் இருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

தேவிப்ரியா ஒலிப்பதிவை வேலூருக்கு, எழிலரசனின் மகளுக்கு அனுப்பினாள். திரையில் போய்ச் சேர்ந்தது என்று வரும்வரை நகம் கடித்துக்கொண்டு நின்றாள். வந்ததும் கதவைப் பூட்டி, படியில் தடதடவென்று இறங்கி, சாலையைக் கடந்து ஓடினாள். கீரனூர் வழி போகிற டவுன் பஸ் கிளம்பி, வாசலில் இன்னும் இரண்டு பேர் தொங்க, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து ஏறிவிட்டாள்.

செவந்தி பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரெங்கசாமி மூன்று சீட் முன்னால். தேவிப்ரியா செவந்தியின் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்தபோது அவர் திரும்பினார்.

"நீ எங்க பாப்பா?"

"ஒங்க வீட்டுக்குத்தாங்கய்யா."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் வந்து பெண்கள் இருவருக்கும் இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் ஊரைத் தாண்டியது. செவந்தி ஜன்னல் வழியே வெளியே பார்த்தபடி, பக்கத்தில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எத்தன நாளைக்குத் தாயி கூட வருவ?"

தேவிப்ரியா அவள் மடியிலிருந்த மஞ்சப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று சீட் முன்னால் இருந்த வெள்ளைச் சட்டை, கீரனூர் வந்து பாதிக்கூட்டம் இறங்கிய பிறகும், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.